தோளின் மேல் நாலு விரல்

“கை யாருதுன்னு மட்டும் சொல்லிடு. நான் பாட்டுக்கு பஸ் ஏறிப் போய்ட்றேன்.”

“அதான் சொல்றேனே மாமா. என்னுதுதான்.”

“உன்னுதா. எங்க, நீட்டு.”

“இன்னாத்துக்கு?”

“நீட்டுன்னா நீட்டுய்யா. போட்டோவுல இருக்கற கைக்கு சுண்டு விரலு கோணிக்கினு நிக்குது. உன்னுது ஆணி கணக்கா நேரா கீது. மாமா மாமான்னு கூப்ட்டுக்கினே என் கண்ணுல மண்ணத் தூவறியா?”

எங்கள் திருவூடல் தெருவில் அண்ணாமலையாரும் அம்மனும் வருஷத்தில் ஒரு நாள்தான் சண்டை போட்டுக்கொள்வார்கள். மற்ற நாட்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இருந்தாலும் வெளியூர்க்காரர் ஒருவர் விடிந்ததும் விடியாததுமாக வந்து, கார்த்திகை மாதத் தூறலில் நடுத்தெருவில் நின்று கத்துவது புதுசு. பால் வாங்கப் போனவர்கள் சொம்போடு நின்றோம். பல் தேய்த்துக்கொண்டு வந்த ஒருவர் துப்பாமலே நின்றார். மலையை மேகம் மூடியிருந்தது. அதனால் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

கத்தியவர் பெயர் அப்பாதுரை. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் ராஜம்மாளின் தம்பி. வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மண்டி ராஜம்மாளின் புருஷன் பெயரில் இருந்தாலும் அவர் மூட்டை தைப்பதோடு சரி. வாயும் வியாபாரமும் ராஜம்மாளுடையது. அவள் ஒரே மகன் தருமனுக்கு எங்கள் தெரு சகாதேவனின் தங்கை சரோஜாவைப் பேசியிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் போட்டோ கேட்டார்கள். போட்டோவும் போய்விட்டது. அந்தப் போட்டோதான் இப்போது அப்பாதுரை கையில் இருந்தது. குடையைப் போட்டோவுக்குப் பிடித்துக்கொண்டு அவர் நனைந்துகொண்டிருந்தார்.

“ரெண்டு நாளு சாமி ரூம்புல வச்சிருந்தோம்யா இத. எங்கக்கா குங்குமம் வச்சிது. மகாலட்சுமி கணக்கா கீறான்னு சொல்லிச்சு. நான்தான் கண்ணாடி போட்டுக்கினு பாத்தேன். இன்னாடா இது, பொண்ணு தோள் மேல வாழப்பழம் மாதிரி நாலு தொங்குதேன்னு.”

யாரோ சிரித்தார்கள். அப்பாதுரை திரும்பியதும் சிரித்தவர் இருமிக்கொண்டார்.

“முழுக்கைச் சட்டை போட்ட கை. பொத்தான் கூட தெரியுது. ஆளு மட்டும் இல்ல. ஆளைக் கத்திரிக்கோல் வச்சி வெட்டிட்டு கைய மட்டும் உட்டுட்டு அனுப்பி வச்சிருக்கீங்க. எங்களப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?”

கை தன்னுடையது என்று சொல்லி மாட்டிக்கொண்ட சகாதேவன் விரல்களை மடக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி சந்திரகலா வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள். குளிருகிறது போலிருக்கிறது என்று நினைத்தோம். சரோஜாவைக் காணோம். ஜன்னலின் ஒரு கதவு மட்டும் லேசாக ஆடிற்று.

“வர்ற ஞாயித்துக்கிழம எங்கக்கா வருது, புள்ளையையும் கூட்டிக்கினு. அன்னிக்கி கைக்குச் சொந்தக்காரன் யாருன்னு தெரியணும். இல்லன்னா வெட்டவலத்துல ஒரு பொண்ணு ரெடியா கீது. தை பொறந்தா அங்க முடிச்சிடுவோம்.”

சொல்லிவிட்டு அப்பாதுரை போட்டோவை மஞ்சள் பையில் வைத்து, குடையைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார்.

சகாதேவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது நடந்தது எண்பத்து மூணாம் வருஷம். மெட்ராஸிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றில் தொடர்கதைக்குப் படம் போடுவதும், கடைசிப் பக்கத்துச் சித்திரக்கதை வரைவதும் அவன்தான். வாரா வாரம் அட்டையில் இந்தியன் இங்க்கில் வரைந்து, காய வைத்து, இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் கட்டி பார்சல் அனுப்புவான். பத்திரிகை வந்ததும் எங்கள் தெருவில் கதையை யாரும் படிப்பதில்லை, படத்தைத்தான் பார்ப்போம். ஜமீன்தார் நிற்கிற நிற்பும், கொள்ளைக்காரன் படி இறங்குகிற இறக்கமும், வேட்டி மடிப்பும் அப்படியே இருக்கும்.

“எப்படிப்பா இதெல்லாம்?” என்று கேட்டால் சகாதேவன் நெற்றிப்பொட்டில் விரலால் தட்டுவான். “எல்லாம் இங்க கீது” என்பான்.

“மண்டையில எனக்குந்தான் இருக்குது. கைக்கு எறங்கி வரமாட்டேங்குது” என்பார் ஆதிமூலம். பஸ்ஸுக்கும் கடைக்கும் போர்டு எழுதுகிறவர், தெருக்கோடி வீடு. சகாதேவன் மேல் அவருக்குப் பெரிய மரியாதை. அந்த மரியாதையோடு சேர்ந்து வயிற்றெரிச்சலும் உண்டு. “முழங்கைல துணி சுருங்கறது கூடவா மண்டையில இருக்கும்? எனக்கு டவுட்டா கீதுப்பா” என்று டீக்கடையில் அடிக்கடி சொல்வார்.

எங்களுக்கும் சந்தேகம் உண்டு, வேறு விதமாக. செவ்வாய்க்கிழமை தோறும் உச்சி வெயில் நேரத்தில் சின்னக்கடைத் தெரு போட்டோ ஸ்டுடியோ அய்யூப் பாய் கேமராவையும் ஸ்டாண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு சகாதேவன் வீட்டுக்கு வருவார். பின்கட்டில் வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டுவார்கள். அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி வெயிலை உள்ளே திருப்புவார்கள். அதுவரை பக்கத்து வீட்டுத் தங்கம்மாளுக்கு மாடியிலிருந்து தெரியும். பிறகு தாழ்வாரத்துப் படுதா விழுந்துவிடும். அப்புறம் காதுக்கு வருவதுதான்.

“கழுத்தப் புடி. அப்படி இல்ல, கொல்ற மாதிரி புடி.”

“சரோஜா, நீ இன்னும் சாவல. அதுக்குள்ள கண்ண மூடிட்ட.”

“பூரிக்கட்டைய துப்பாக்கி மாதிரி புடிக்கச் சொன்னா பூரிக்கட்டை மாதிரியே புடிக்கிற பாரு.”

நடுவில் சிரிப்புச் சத்தம். பிறகு அய்யூப் பாய் “ரெடி, மூச்சு விடாதீங்க” என்பார். தெருவே மூச்சு விடாமல் இருக்கும்.

“குடும்ப போட்டோ எடுக்கறோம்” என்று சகாதேவன் சொன்னான். வாரா வாரம் குடும்ப போட்டோ எடுக்கிற குடும்பத்தை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அதில் ஆண் பிள்ளை குரல் என்றால் சகாதேவனுடையதும் பாயுடையதும்தான். மூன்றாவது ஆள் வாசலில் நுழைந்து யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் அப்பாதுரை வந்து போன பிறகு விஷயம் சூடு பிடித்தது. வாசல் வழியாக வராத ஆள் எந்த வழியாக வந்தான்?

அன்று மத்தியானத்துக்குள் தெருவில் இருந்த எல்லா ஆண்களின் சுண்டு விரலும் பார்க்கப்பட்டுவிட்டது. டீ கிளாஸ் நீட்டும்போது, பீடிக்கு நெருப்பு கேட்கும்போது, சில்லறை வாங்கும்போது. தெருக்கோடியில் குடியிருந்த டுடோரியல் பையன்கள் இருவரையும் தங்கம்மாள் கூப்பிட்டு வேகவைத்த மல்லாட்டை கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் எதையாவது கொடுத்ததால் அவர்கள் பயந்துபோய் இரண்டு கையையும் நீட்டினார்கள். விரல்கள் நேராக இருந்தன. மீதி மல்லாட்டையை அவள் திரும்ப உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

ஆதிமூலம் தூறலில் கூடத் தெருவுக்கு வந்து அப்பாதுரைக்கு மிக அருகில் நின்று போட்டோவைப் பார்த்தவர். அவர் சொன்னதுதான் எங்களுக்குச் சாட்சி. “விரலு நீளம். முடியே இல்ல. நெகம் சுத்தமா கீது. இது உழைக்கிற ஆளு கை இல்ல. சின்னப் பையன், இல்ல பட்டணத்துக்காரன்.”

“பாயா இருக்குமா?” என்றாள் தங்கம்மாள்.

“போட்டோ எடுக்கறவரு எப்படி போட்டோவுல வருவாரு?”

“அந்த மிஷின்ல முறுக்கி உட்டா தானா எடுத்துக்குமாமே. நீங்கதான சொன்னீங்க, போன மாசம்.”

ஆதிமூலம் அப்படிச் சொன்னது உண்மை. இல்லை என்று சொன்னால் தெரியாமல் சொன்னதாக ஆகிவிடும் என்று, “இருக்கும், இருக்கும்” என்றார். அது போதும். சாயங்காலத்துக்குள் ஸ்டுடியோவுக்குப் படம் எடுத்துக்கொள்ளப் போன ஒரு குடும்பம் பாதி வழியில் திரும்பிவிட்டது.

மறுநாள் அய்யூப் பாயின் மனைவி அஜ்மத் பேகம் தெருவுக்கே வந்துவிட்டாள். புர்காவின் முகத்திரையைத் தூக்கி விட்டுக்கொண்டு தங்கம்மாள் வீட்டு வாசலில் நின்றாள்.

“எங்கூட்டுக்காரரு கையப் பாத்திருக்கீங்களாம்மா? இருட்டு ரூம்புல மருந்துல கைய உட்டு உட்டு நகமெல்லாம் பீடி இலை கணக்கா பழுப்பா கீது. சோறு தின்னும்போது எனக்கே கொமட்டுது. போட்டோவுல சுத்தமான நகம்னு சொன்னீங்களாமே. அப்ப அவரு கை எப்படி ஆவும்?”

“நான் ஒண்ணும் சொல்லலியேம்மா” என்றாள் தங்கம்மாள்.

“சொல்லாமதான் ஊரு பூரா தெரிஞ்சிதா? இருவது வருசமா உங்க தெரு கல்யாணத்துக்கெல்லாம் அவருதான் எடுத்தாரு. தாலி கட்டறப்ப அத்தினி பேருக்கும் கிட்ட நின்னாரு. அப்பல்லாம் கை தெரியலியா?”

தங்கம்மாள் முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள். முறத்தில் ஒன்றும் இல்லை.

அய்யூப் பாயிடமே நேராகக் கேட்டுவிடலாம் என்று ஆதிமூலம் போனார். பாய் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்: “நான் கேமராவுக்குப் பின்னால நிக்கறவன் ஆதிமூலம். முன்னால நிக்கறது யாருன்னு நிக்க வச்சவரக் கேளுங்க. நான் சொல்றேன்னு வாக்கு குடுக்கல, சொல்லமாட்டேன்னுதான் குடுத்துருக்கேன்.” வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றால் சொல்ல முடியாத ஆள் என்று அர்த்தம். ஆதிமூலம் திருப்தியோடு திரும்பி வந்தார்.

உண்மை எங்களுக்குக் கிடைத்தது வியாழக்கிழமை மத்தியானம். தங்கம்மாள் வீட்டுக்கும் சகாதேவன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் சுவர் ஓரமாக உட்கார்ந்து வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கார்த்திகை மழையில் யார் வடகம் பிழிவார்கள் என்று கேட்காதீர்கள்.

“நீங்க வாயத் தொறக்கலன்னா நான் தொறக்கறேன்.” இது சந்திரகலா.

“தொறந்து இன்னான்னு சொல்லுவ? என் புருசன் பேண்ட்டு சட்டைய மாட்டிக்கினு, மையில மீச வரைஞ்சிக்கினு, நான்தான் நாத்தனாரு தோளப் புடிச்சேன்னா?”

“ஆமா. அதான நடந்துது.”

“சிரிப்பாங்கடி.”

“சிரிக்கட்டும். தை வந்தா சரோஜாவுக்கு இருபத்தஞ்சு. அந்தப் பையனப் பாக்கறதுக்குன்னே அவ ரெண்டு தரம் கீழ்பென்னாத்தூரு பஸ்ல போயி, மண்டிக்கு எதிர்ல எறங்கி, பாத்துட்டு வந்தா. பரவால்ல அண்ணின்னு சொன்னா. அவ வாயால இதுவரைக்கும் யாரையும் அப்படிச் சொன்னதில்ல. தெரியுமா உங்களுக்கு?”

தங்கம்மாள் பிழிவதை நிறுத்திக்கொண்டாள்.

“அது மட்டும் இல்ல கலா. ஊரு பூரா நான் மனசுல இருந்து வரையறேன்னு நெனச்சிக்கினு கீது. போட்டோவப் பாத்து வரையறவன்னு தெரிஞ்சா ஆதிமூலம் இன்னா சொல்லுவாரு? போட்டோ இருந்தா நானும் வரைவேன்னுவாரு.”

“வரையட்டுமே. போட்டோவா வரையுது? என் மூஞ்சிய ஜமீன்தாரா மாத்தனது போட்டோவா? குடுத்துப் பாருங்க அவருகிட்ட, யானைக்கால் வந்த மாதிரி ஒண்ணு வரும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “போயும் போயும் அந்தப் போட்டோவ எதுக்கு அனுப்பி வச்சீங்க? பாய் தனியா ஸ்டூல்ல உக்கார வச்சி எடுத்துக் குடுத்தாரே.”

“அதுல ரேஷன் கார்டுக்கு எடுத்தாப்பல கீறா. இதுல கன்னத்துல வெளிச்சம் எப்படி விழுந்துருக்குது பாத்தியா. கண்ணு ரெண்டும் பேசுது. அதான் உன் பக்கத்த வெட்டிட்டு...”

“கைய?”

“கைய வெட்னா அவ தோளும்ல போயிடும்.”

“அது சரி. கைன்னு ஒண்ணு இருக்குதேன்னு தோணலியா?”

“தோணல.”

“ஒரு வாரம் என் கைய நகம் நகமா பாத்து வரைஞ்சீங்க.”

“அதான் சொல்றேன். வரைஞ்சி முடிச்சிட்டேன். முடிச்சதுக்கப்புறம் அது எனக்குக் கண்ணுல படல.”

வேறு எவனும் செய்ய முடியாத முட்டாள்தனம் இது. பெண் போட்டோவில் எல்லாரும் முதலில் எதைப் பார்ப்பார்களோ அதை அவன் நிழல் மாதிரி விட்டுவிட்டான்.

வேறு ஆண் பிள்ளையைக் கூப்பிட்டுத் தங்கையைத் தொடச் சொல்ல முடியாது. தானே போய் நின்றால் தள்ளி நின்று பார்க்க ஆள் இல்லை. அதனால் மூன்று வருஷமாக அந்தப் பத்திரிகையில் வந்த கொள்ளைக்காரன், ஜமீன்தார், கப்பல் கேப்டன் எல்லாமே சந்திரகலாதான். வெளியே சொல்லக்கூடாது என்று பாயிடம் வாக்கு வாங்கியதும் சகாதேவன்தான்.

தங்கம்மாள் கையைக் கழுவாமல் வந்து எங்களிடம் சொன்னாள். நாங்கள் நம்பவில்லை. “நாத்தனாரக் காப்பாத்தறதுக்கு அண்ணி தன் கையக் குடுக்கறா” என்றார் ஆதிமூலம். “நம்ப காதுல விழணும்னே சத்தமா பேசியிருக்காங்க.” அது எங்களுக்கு நியாயமாகப் பட்டது. தெருக் குழாயில் தினமும் சந்திரகலாவோடு நின்று தண்ணீர் பிடிக்கிறவர்கள் நாங்கள். அவள் சுண்டு விரலைப் பார்த்திருந்தால் போதும். ஆனால் அந்த வாரம் நாங்கள் ஆண்களின் கையைத் தவிர வேறு கையைப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. மலை உச்சி வரை பளிச்சென்று கழுவிவிட்டது மாதிரி தெரிந்தது. ராஜம்மாள் முன்னால் வந்தாள், அப்பாதுரை பின்னால், தருமன் அவருக்கும் பின்னால். ராஜம்மாள் பெரிய உடம்புக்காரி. குரல் மட்டும் சின்னது. அவள் பேசினால் எல்லாரும் பேச்சை நிறுத்திக் காது கொடுக்க வேண்டியிருக்கும். மண்டியில் அதனால்தான் பேரத்தில் ஜெயிக்கிறாள் என்பார்கள். தருமன் ஒல்லியான பையன். சுருட்டிய பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்திருந்தான்.

முன்னறையில் பாய் விரித்திருந்தது. கதவைச் சாத்தவில்லை, சாத்தினால் வேறு மாதிரி பேசுவோம் என்று சந்திரகலாவுக்குத் தெரியும். வாசலிலும் ஜன்னலிலும் நாங்கள் இருந்தோம். சரோஜா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவர் ஓரமாக நின்றாள். நீலக் கலர் வாயில் புடவை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“சொல்லுங்க தம்பி” என்றாள் ராஜம்மாள், சகாதேவனைப் பார்த்து.

சகாதேவன் தொண்டையைக் கனைத்தான். அதற்குள் தருமன் பத்திரிகையை விரித்து அம்மாவிடம் காட்டினான். “இதும்மா. நான் சொன்னேனே. அந்தப் போட்டோ இந்தப் படத்துக்காக எடுத்தது. அதே கை, அதே தோளு. வேற ஒண்ணும் இல்ல.”

ராஜம்மாள் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். “படத்துல மீசக்காரன் ஒருத்தன் நிக்கறான். அப்ப போட்டோவுலயும் ஒரு மீசக்காரன் நின்னுதான இருக்கணும். அவன் யாருன்னுதான நான் கேக்கறேன்.”

தருமன் பத்திரிகையை மடித்துக்கொண்டான். ஜன்னலில் ஆதிமூலம், “போட்டோவா” என்று மெதுவாகச் சொன்னார். சகாதேவன் அதைக் கேட்டுவிட்டான். தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது உள்ளறைப் படுதாவை விலக்கிக்கொண்டு ஜமீன்தார் வெளியே வந்தார்.

சிரிப்பதற்குத் தயாராகத்தான் நாங்கள் வந்திருந்தோம். ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. முழுக்கைச் சட்டை, பேண்ட், கூந்தலை மறைத்த தலைப்பாகை, மை மீசை. அந்த மார்பு நிமிர்த்தலும், ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிற அலட்சியமும் வாரா வாரம் பார்த்த நிற்பு. தெருக் குழாயில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போகிற சந்திரகலாவா இது என்று வாயைப் பிளந்தோம். அவள் யாரையும் பார்க்காமல் நேராகப் போய் சரோஜாவின் பின்னால் நின்று தோளைப் பிடித்தாள். சுண்டு விரல் மற்ற விரல்களோடு சேராமல் கோணிக்கொண்டு நின்றது.

“போட்டோவ எடுங்க” என்றாள் அப்பாதுரையிடம்.

அவர் மஞ்சள் பையிலிருந்து எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, போட்டோவைப் பார்த்தார், கையைப் பார்த்தார். மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

“சின்ன வயசுல எங்கூட்டுக் கெணத்து ராட்டினத்துல மாட்டிக்கினு ஒடிஞ்சிது” என்றாள் சந்திரகலா. “அப்படியே கோணலா சேந்துடுச்சு. வேணும்னா எங்கம்மாவ வரச் சொல்றேன்.”

“வேணாம்” என்றார் அப்பாதுரை. போட்டோவை அக்காவிடம் கொடுத்துவிட்டு, மீசையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ராஜம்மாள் எழுந்து வந்து சந்திரகலாவின் கையைப் பிடித்து, விரலை நீவிப் பார்த்தாள். “கை உன்னுதுதாம்மா. ஒத்துக்கறேன்” என்றாள். சகாதேவன் மூச்சு விட்டது வாசல் வரைக்கும் கேட்டது. தங்கம்மாள், “நான் அன்னிக்கே சொன்னேன்” என்றாள்.

ராஜம்மாள் உட்காரவில்லை. போட்டோவை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அப்ப இவ எதுக்கு இப்படிப் பாக்கறா?”

“யாருங்க?” என்றான் சகாதேவன்.

“உன் தங்கச்சிதான். நான் கூட வெக்கம்னு நெனச்சேன். மகாலட்சுமின்னு நெனச்சேன். இப்பதான தெரியுது, கொலகாரன்கிட்ட மாட்டிக்கினவ பார்வ இது. ஆனா பின்னால நின்னது யாரு? தெனம் கூட உக்காந்து சோறு திங்கற அண்ணி. அவங்க கைக்கு இப்படி ஒரு பயம் வருமா?”

“பயப்படற மாதிரி பாருன்னு அண்ணன் சொன்னாரு” என்றாள் சரோஜா. “பாத்தேன்.”

“அதத்தான் நானும் சொல்றேன் கண்ணு. நாளைக்கி என் வூட்டுக்கு வந்து ஒரு மூலையில உக்காந்து அழுவற. அது நெச அழுவையா, படத்துக்கு அழுவறதான்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கறது? ஒடம்பு சரியில்லன்னு படுத்தா? என் புள்ளைய ஆசையா பாத்தா? எத நம்பறது?”

சந்திரகலாவின் கை இன்னும் சரோஜாவின் தோளிலேயே இருந்தது. மீசையோடு அவள் கண் கலங்கி நின்றதைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

“எனக்குச் சம்மதம்மா” என்றான் தருமன்.

“டேய்” என்றார் அப்பாதுரை.

“இன்னா மாமா, சந்தேகந்தான் தீந்துடுச்சே. கை யாருதுன்னு தெரிஞ்சிபோச்சு. அப்பால இன்னா. எனக்குச் சம்மதம்.”

ராஜம்மாள் மகனைப் பார்த்தாள். அவள் இறங்கி வருவாள் என்று எங்களுக்குத் தோன்றியது, ஒரே பிள்ளை. சகாதேவன் முகத்தில் கூட ரத்தம் ஊறியது.

“உங்கள ஒண்ணு கேக்கலாங்களா” என்றாள் சரோஜா.

தருமன் அவளை அப்போதுதான் நேராகப் பார்த்தான். “கேளுங்க.”

“இப்ப தெரிஞ்சிபோச்சு, சரி. தெரியறதுக்கு முன்னாடி? மாமா வந்து தெருவுல கத்திட்டுப் போனாரே. அன்னிக்கி உங்களுக்குச் சம்மதமா இருந்துச்சா?”

தருமன் பத்திரிகையைக் குழலாகச் சுருட்டினான். பிறகு பிரித்தான். மறுபடியும் சுருட்டினான். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யார் போய் விசாரிக்கப் போகிறார்கள், நாங்களே நம்பியிருப்போம். பொய் சொல்ல வரவில்லை அவனுக்கு. அதை மட்டும் அவன் கணக்கில் வைக்கலாம்.

“யோசிக்கலாம்னு இருந்தேன்” என்றான்.

“சரிங்க” என்றாள் சரோஜா. குனிந்து, யாரும் தொடாத காபி டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தாள். “ஆறிபோச்சு. இருந்து சாப்ட்டுப் போறதுன்னா வேற போட்டுத் தரேன்.” உள்ளே போனாள். அடுப்பை ஊதுகிற சத்தம் கேட்டது. அவர்கள் எழுந்து செருப்பு மாட்டுகிற வரை அவள் வெளியே வரவில்லை.

வந்தவர்களை வாசல் வரை கொண்டுவிட்டது சந்திரகலா. தலைப்பாகையும் மீசையுமாக நின்று, “போய்ட்டு வாங்க” என்று கை கூப்பினாள். ராஜம்மாள் திரும்பிக் கும்பிட்டாள். போட்டோவை அவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. மறந்தார்களா, தெரியாது.

பெண்ணுக்குத் திமிர் என்று தெருவில் முடிவு செய்தோம். வலிய வந்த சம்பந்தத்தை ஒரு கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொண்டாள் என்று தங்கம்மாள் பல நாள் சொன்னாள். சரோஜா காதில் விழுகிற மாதிரியும் சொன்னாள். சரோஜா குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவாள்.

தருமனுக்குத் தை மாதமே வெட்டவலத்தில் கல்யாணம் ஆயிற்று. அய்யூப் பாய் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் பெண் பிள்ளைகளைப் படம் எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் திறந்த புது ஸ்டுடியோவுக்குத்தான் கூட்டிப் போனோம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மறு வருஷம் அவரும் அஜ்மத் பேகமும் கடையைக் காலி செய்துகொண்டு ஆம்பூர் பக்கம் அவள் பிறந்த ஊருக்குப் போனார்கள். ஆதிமூலம் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு தன் மருமகளை வரைந்தார். மருமகள் அதைப் பார்த்துவிட்டு அது தன் மாமியார் என்று சொல்லி, வீட்டில் இரண்டு நாள் பேச்சு இல்லை. சகாதேவன் வேங்கிக்காலில் ஒரு மனை வாங்கிச் சின்னதாகக் கட்டிக்கொண்டு போனான். அங்கே பின்கட்டு இல்லை, திறந்த வெளியிலேயே படம் எடுக்கிறார்கள், சந்திரகலா இப்போது போலீஸ் அதிகாரி என்று கேள்வி.

சரோஜாவுக்கு அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை போளூரில் லயன்மேன். போட்டோ வேண்டும் என்று கேட்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனான். நடந்ததை அவனுக்குத் தெரிவிப்பது நம் கடமை என்று எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் போளூருக்கே போனார்கள். கம்பத்திலிருந்து இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டானாம். டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றி விட்டானாம். இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. ஒன்றும் கேட்காமல் ஒருத்தன் கட்டிக்கொண்டு போனான் என்றால் அவனிடம் ஏதாவது இருக்க வேண்டும் என்று நாங்களும் அன்றிலிருந்து போளூர்ப் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.